சராசரிக்குள் மறைந்திருந்த மூன்றாவது இன்ஜெக்டர்

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் ஒரு நடுக்கம். சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நியூட்ரலில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் தொட்டால் சீரில்லாத ஒரு துடிப்பு கைக்குத் தெரியும். வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களான இன்டேக் மேனிஃபோல்டுக்குள், சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் கார். மைலேஜும் சற்று இறங்கியிருந்தது. எஞ்சின் விளக்கு எரிந்த அன்று ஸ்கேனரைச் செருகியபோது வந்த பிழைக் கோடு (code) பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது கலவை சில தடவை எரியாமல் போகிறது.

இப்படி ஒரு வண்டியைக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் "இன்ஜெக்டர் அடைச்சிருக்கு, கிளீன் பண்ணினால் சரியாகிடும்" என்பார்கள். இந்த வண்டியில் கடைசியில் மாட்டிக்கொண்டதும் இன்ஜெக்டர்தான். ஆனாலும் அதையே முதல் வேலையாகச் செய்வதை நான் ஏற்பதில்லை. இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன், காற்றுக்கசிவு என எது கெட்டாலும் இதே நடுக்கம்தான் வரும். போதாததற்கு, இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டும்போதே மின் இணைப்பான கப்ளர் புதிதாக உட்கார்கிறது, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மாறுகிறது, வயர்கள் அசைகின்றன. பிறகு வண்டி சரியானால், சரிசெய்தது எது என்று எப்படிச் சொல்வது? முன்னும் அளந்து பின்னும் அளந்தால்தான் பதில் கிடைக்கும். அந்த அளவுகள் வந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

டிரிம் எண்கள்

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்வதும் அந்த விகிதத்தை ஒட்டித்தான். புகைபோக்கியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்குவதைப் பார்த்து எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தத் திருத்தத்தைத்தான் ஸ்கேனர் ஃப்யூயல் டிரிம் என்று சதவீதத்தில் காட்டுகிறது: பெட்ரோலைக் கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். அந்தந்த நொடியின் திருத்தம் ஷார்ட் டேர்ம், பழகிப்போய் நினைவில் வைத்துக்கொண்ட திருத்தம் லாங் டேர்ம். இரண்டையும் கூட்டினால் 5 சதவீதத்துக்குள் நிற்பது நல்ல எஞ்சின். 10-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு என்று தேட ஆரம்பிக்கலாம்.

இந்த வண்டியில் ஐட்லிங்கில் லாங் டேர்ம் +8, எஞ்சினை 2500 ஆர்.பி.எம்.-ல் பிடித்தால் +3. இரண்டுமே பயமுறுத்தும் எண்கள் இல்லை. பி0171 என்ற 'கலவை லீன்' (பெட்ரோல் குறைவு) கோடு வரவேண்டுமானால் பெரும்பாலான வண்டிகளில் டிரிம் 20 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டால் பல குழப்பங்கள் தீரும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இருப்பது ஒரே சென்சார். அதற்குத் தெரிவது நான்கின் சராசரி மட்டும்தான். மூன்றாவது இன்ஜெக்டர் 20% குறைவாகத் தெளிக்கிறது, மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பெட்ரோல் 4 பங்குக்குப் பதில் 3.8 பங்கு. அதைச் சரிக்கட்ட ஈ.சி.யூ. எல்லா இன்ஜெக்டரையும் சுமார் 5% கூடுதல் நேரம் திறக்கிறது. சராசரி சரியாகிவிட்டது, சென்சாருக்குத் திருப்தி. ஆனால் மூன்றாவது சிலிண்டர் இன்னமும் 16% லீனாகவே ஓடுகிறது. குற்றமே செய்யாத மற்ற மூன்றும் 5% ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக ஓடுகின்றன. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து, எந்தப் பையன் தோற்றான் என்று கண்டுபிடிக்க முடியாது. டிரிம் விஷயமும் அப்படித்தான். மைலேஜ் ஏன் இறங்கியது என்பதற்கான விளக்கமும் இதற்குள்ளேயே இருக்கிறது: ஒன்றுக்காக மூன்று கூடுதலாகக் குடிக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரில் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். அதைச் சென்சார் 'லீன்' என்றே படிக்கும், கூடவே எரியாத பெட்ரோல் வந்தாலும்கூட. ஆகவே இக்னிஷன் காயில் கெட்டிருந்தாலும் டிரிம் மேலே ஏறலாம். பி0303-ம் +8-ம் சேர்ந்து வந்ததாலேயே பெட்ரோல் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றாவதாக, ஐட்லிங்கில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் டிரிம் இருந்தால் அதைக் காற்றுக்கசிவு என்றே பாடம் சொல்லும். கசியும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்க, எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடிக்கொண்டே போவதால் கசிவின் பங்கு சுருங்கும் என்பது அதன் காரணம். பம்ப் பலவீனமாக இருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ நேர்மாறாக, வேகம் ஏற ஏற டிரிமும் ஏறும். இந்த விதி நல்ல விதிதான். ஆனால் மெதுவாகத் திறக்கும் இன்ஜெக்டரும் காற்றுக்கசிவின் வேஷத்தையே போட்டுக்கொள்ளும். ஏன் என்பது கீழே வருகிறது.

கழற்றாமல் பார்த்தவை

இக்னிஷன் காயிலை மூன்றாவதிலிருந்து ஒன்றாவதுக்கு மாற்றினேன். மிஸ்ஸிங் மூன்றிலேயே நின்றது. பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றினேன், பலன் அதேதான். ஆனால் பிளக்கைக் கழற்றியதில் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றின் பீங்கான் நுனியில் வெளிர்பழுப்புக்கு மேல் லேசான கரி. மூன்றாவதின் நுனி மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. மேலே போட்ட கணக்கு அப்படியே பிளக்கில் எழுதியிருந்தது: மூன்று கொஞ்சம் ரிச், ஒன்று லீன்.

கம்ப்ரஷன் நான்கிலும் 12.3-க்கும் 12.5 பாருக்கும் நடுவில். வால்வு, ரிங் இரண்டையும் மறந்துவிடலாம்.

காற்றுக்கசிவுக்கு, ஓடும் எஞ்சினின் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் தண்ணீரைப் பூப்போலத் தெளித்தேன். கசிவு இருந்தால் தண்ணீர் அந்த இடத்தை நொடிநேரம் அடைக்கும், ஐட்லிங் மாறும். பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சம்மதமில்லை, தண்ணீரே போதும். எந்த மாற்றமும் இல்லை. இந்த வண்டி, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்துக் காற்றைக் கணக்கிடுவது என்பதால், பொதுவான கசிவு இருந்தால் டிரிமைவிட ஐட்லிங் வேகம்தான் ஏறியிருக்க வேண்டும். அதுவும் ஏறவில்லை. நான் குறிப்பாகச் சந்தேகப்பட்டது மூன்றாவது இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்கை. அது கசிந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனாகும், இன்ஜெக்டர் வீணாகப் பழி சுமக்கும்.

பெட்ரோல் அழுத்தம் அளக்க, நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் தனி வால்வு இல்லை. ஹோஸ் இணைப்பில் டி வடிவக் குழாய் வைத்து கேஜ் மாட்ட வேண்டியிருந்தது. அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் வகை. ஐட்லிங்கில் 3 பார், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் முள் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து 2.6 பார். கையேடு கேட்கும் அளவுக்குள்தான், ஆனாலும் எழுதிவைத்துக்கொண்டேன். நிறுத்தியபின் அழுத்தம் விறுவிறுவென்று விழுந்தால் பம்பின் திருப்பி-வராத வால்வு அல்லது சொட்டும் இன்ஜெக்டர், இரண்டில் ஒன்று.

மின்சாரப் பக்கம்

இன்ஜெக்டர் என்பது ஒரு சோலனாய்டு வால்வு. இரண்டு வயர்களில் ஒன்றில் சாவி ஆனில் இருக்கும்வரை மெயின் ரிலே வழியாக 12 வோல்ட் நிற்கும். இன்னொன்றை ஈ.சி.யூ. எர்த் செய்யும்போது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (இதையும் காயில் என்றே சொல்வோம்) காந்தமாகி, ஊசியை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தூக்கும். தூக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் மிகச்சிறு பின்னம். எர்த் விலகியதும் ஸ்பிரிங் ஊசியை இருக்கையில் அழுத்தி மூடும். ஈ.சி.யூ. இப்படி எர்த் செய்து வைத்திருக்கும் நேரம்தான் பல்ஸ். சூடான ஐட்லிங்கில் ஸ்கேனர் காட்டிய பல்ஸ் 2.6 மில்லிவிநாடி.

மல்டிமீட்டரில் நான்கும் 12.3, 12.4, 12.3, 12.4 ஓம். இன்றைய போர்ட் இன்ஜெக்டர்களில் பெரும்பாலானவை 11 முதல் 16 ஓம் வகை. பழைய வண்டிகள் சிலவற்றில் 2, 3 ஓம் வகையும் உண்டு. 12 ஓம் வகையின் இடத்தில் இந்தக் குறைந்த ஓம் வகையைப் போட்டால், இன்ஜெக்டரை இயக்கும் ஈ.சி.யூ. சர்க்யூட் எரிந்துபோகலாம். சூடான எஞ்சினில் அளந்தால் எண் ஏறித் தெரியும், அது பழுதல்ல: செம்பின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் கூடும், 60 டிகிரி ஏறினால் 12.3 ஓம் 15-ஐ எட்டும். பார்க்க வேண்டியது நான்கும் ஒன்றுபோல் ஏறுகின்றனவா என்பதை.

தடை சரியாக இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஊசி நகர்கிறதா, துளை திறந்திருக்கிறதா என்று மல்டிமீட்டருக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை மறந்து "ஓம் பார்த்தாச்சு, இன்ஜெக்டர் ஓகே" என்று எழுதிய வேலைச்சீட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கப்ளரில் டெஸ்ட் லைட் செருகினால் நான்கிலும் மின்னியது. நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டால் நான்கிலும் டிக் டிக் ஒலி உண்டு, மூன்றாவதில் கொஞ்சம் மந்தம். சத்தம் அறவே இல்லையென்றால் அது பெரிய செய்தி. மந்தம் என்பது காதைப் பொறுத்தது, அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

முடிவெடுக்க உதவியது, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பும் சிறு ஆம்பியர் அளக்கும் கரண்ட் கிளாம்ப்பும்தான். இன்ஜெக்டர் வயரில் கிளாம்ப்பை மாட்டினால் கரண்ட் பூஜ்யத்திலிருந்து வளைவாக ஏறி ஓர் ஆம்பியர் சுமாருக்குப் போவது தெரியும். ஏறும் வழியில் ஓரிடத்தில் கோடு லேசாகப் பள்ளம் விழுந்து மீண்டும் ஏறும். ஊசி நகர்ந்து நிற்கும்போது காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) மாறுவதால் வரும் பள்ளம் அது. அதாவது, இன்ஜெக்டர் உண்மையில் திறந்த கணம். ஒன்று, இரண்டு, நான்கில் பல்ஸ் தொடங்கி 0.9 மில்லிவிநாடியில் பள்ளம். மூன்றில் 1.15-ல்.

கால் மில்லிவிநாடி. அதைக் கொண்டு டிரிம் ஏன் காற்றுக்கசிவு போல வேஷம் போட்டது என்று கணக்கிடலாம். 2.6 மில்லிவிநாடி பல்ஸில் திறக்கவே 0.9 போனால், தெளிக்கக் கிடைப்பது 1.7. அதில் 0.25 இழந்தால் கிட்டத்தட்ட 15% இழப்பு. லோடு ஏறி பல்ஸ் 8 மில்லிவிநாடியானால் அதே 0.25 வெறும் 3 அல்லது 4 சதவீதம்தான். தாமதம் மாறுவதில்லை, அதன் பங்குதான் சுருங்குகிறது. நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக இழுத்ததும் ஐட்லிங்கில் மட்டும் நடுங்கியதும் இதனால்தான். வெறும் துளை அடைப்பு என்றால் எல்லா வேகத்திலும் ஒரே சதவீதத்தில் குறைந்திருக்கும்.

ரெயிலைத் தூக்கியது

இனிக் கழற்றலாம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி சில விநாடி கிராங்க் செய்தால் ரெயிலில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ். அப்படியும் ஹோஸைப் பிடுங்கும்போது கொஞ்சம் பெட்ரோல் வரும், துணியைச் சுற்றிக்கொண்டே எடுக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, தூரத்தில் இருக்கும் ஹீட்டரிலோ சுவிட்சிலோ பொறி தேடும். திறந்த இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தீயணைப்பான் மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

ரெயிலைத் தூக்கும் முன் இன்ஜெக்டர்களைச் சுற்றிய மண்ணையும் தூசியையும் பிரஷ்ஷாலும் காற்றாலும் ஊதி எடுத்தேன். அதைச் செய்யாமல் தூக்கினால் அத்தனையும் இன்டேக் வால்வின் தலையில்தான் விழும். போல்ட்டுகளை எடுத்தபின் இரு முனையையும் சமமாக, இடமும் வலமுமாக அசைத்து அசைத்துத் தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விடும். தூக்கியதும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, இன்ஜெக்டர்களில் எண் எழுதிவிட்டேன்.

கீழ் ஓ-ரிங்குகள் தட்டையாகி இறுகிப்போயிருந்தன. தண்ணீர் சோதனையில் கசியாவிட்டாலும் அவற்றைத் திரும்ப மாட்டும் எண்ணம் இல்லை.

மேசையில்

என்னிடம் இருப்பது ஒரு பழைய ரெயில், 12 வோல்ட் பம்ப், 3 பாரில் நிறுத்திய ரெகுலேட்டர், பல்ஸ் கொடுக்கும் ஒரு சிறு சர்க்யூட், ஒரே அளவுள்ள நான்கு அளவுக் குழாய்கள். ஓடவிடுவது பெட்ரோல் இல்லை, எளிதில் தீப்பிடிக்காத இன்ஜெக்டர் சோதனைத் திரவம். பூப்போலத் தெளிக்கப்பட்ட பெட்ரோலும் மின்சாரப் பொறியும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்து இன்ஜெக்டரைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: திரவம் ஓடாமல் நீண்ட நேரம் பிடித்தால் காயில் சூடாகி வெந்துபோகும், குறைந்த ஓம் வகை இன்னும் சீக்கிரம்.

முதலில் கசிவுச் சோதனை, கிளீனிங்குக்கு முன்பே. அழுத்தம் மட்டும் கொடுத்து, பல்ஸ் கொடுக்காமல் ஒரு நிமிடம். மூன்று இன்ஜெக்டர்கள் வறண்டிருந்தன. நான்காவதின் நுனியில் ஈரம் சேர்ந்து ஒரு சொட்டு தொங்கியது, விழவில்லை. நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அதை நான் திரும்ப மாட்டமாட்டேன். சூடான எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அந்தச் சிலிண்டர் பெட்ரோலில் நனைந்திருக்கும்.

அடுத்து முழுத் திறப்பு. 15 விநாடி தொடர்ந்து திறந்தால் வந்தது: 46, 45.5, 41, 46 மில்லி லிட்டர். மூன்றாவது 11% குறைவு. அதன்பின் பல்ஸ் சோதனை, 2.5 மில்லிவிநாடி வீதம் 5000 பல்ஸ். வந்தது: 24.5, 25, 18, 24.5. இங்கே குறைவு 27%.

இரண்டு சோதனைகளையும் செய்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான். முழுத் திறப்பு, துளை எவ்வளவு அடைத்திருக்கிறது என்று சொல்லும். பல்ஸ் சோதனை, ஊசி எவ்வளவு சோம்பலாக நகர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். முழுத் திறப்பில் 41 வந்ததை மட்டும் பார்த்திருந்தால், இந்த நடுக்கத்துக்கு இது போதுமா என்ற சந்தேகம் மிஞ்சியிருக்கும். 11% அடைப்பின்மேல் கால் மில்லிவிநாடித் தாமதமும் ஏறினால் 18 மில்லி லிட்டர்தான் வரும். ஸ்கோப்பில் பார்த்ததும் மேசையில் அளந்ததும் ஒன்றோடொன்று பொருந்தின.

தெளிப்பின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும். நல்ல மூன்றும் நுனியிலிருந்து இரண்டு மென்மையான கூம்புகளாக விரிந்தன, ஒவ்வொரு இன்டேக் வால்வுக்கும் ஒன்று. மூன்றாவதில் ஒரு கூம்பு சரி, இன்னொன்று கம்பிபோல் ஒரே இழையாக ஓடியது. பூதக்கண்ணாடியில் நுனித் தகட்டின் நான்கு துளைகளில் இரண்டைச் சுற்றி வார்னிஷ் பூசியதுபோல் பழுப்புப் படிவு, அதில் ஒன்று பாதி மூடியிருந்தது. குளிர்ந்த எஞ்சினில் நடுக்கம் அதிகம் ஏன் என்பதற்கும் அந்த இழைதான் விடை. வால்வுக்கு முன்னால் உள்ள காற்றுவழியான போர்ட் சூடாக இருந்தால் அதில் விழும் கம்பியிழைகூட வால்வின் சூட்டில் ஆவியாகிவிடும். குளிர்ந்த சுவரில் விழுந்தால் அப்படியே வழிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரும் சூடேறாததால் ஈ.சி.யூ. திருத்துவதும் இல்லை.

இந்தப் படிவு வண்டி ஓடும்போது சேர்வதைவிட நிறுத்தியபின் சேர்வதே அதிகம். ஓடும்வரை புதுப் பெட்ரோல் நுனியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் சிலிண்டர் ஹெட்டின் சூடு மேலேறி நுனியைத் தாக்கும். அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் லேசான பகுதிகள் ஆவியாக, கனமானவை கோந்தாக இறுகும். சிறுசிறு பயணமாக அடிக்கடி நிறுத்தும் வண்டிக்கு இது கூடுதல். 1980-களில் இன்ஜெக்டர் அடைப்பு பெரும் புகாராக வெடித்த பிறகுதான் அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் படிவைத் தடுக்கும் டிடர்ஜென்ட் கட்டாயமாக்கப்பட்டது.

சுத்தம் செய்தது

இன்ஜெக்டரின் வாயில் விரல்நுனி அளவு ஃபில்டர் கூடை இருக்கும். எம்3 ஸ்க்ரூவை அதற்குள் மெதுவாகத் திருகி, ஸ்க்ரூவைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். அதை எடுக்காமல் கிளீன் செய்வது பாதி வேலைதான்: கூடையில் தங்கிய குப்பை உள்ளேயே இருக்கும், பின்னோட்டமாகக் கழுவவும் முடியாது. மூன்றாவதின் கூடையை வெள்ளைத் துணியில் தட்டியபோது துருநிறத்தில் நுண்துகள்கள் விழுந்தன, மற்றவற்றைவிடக் கூடுதலாக. பெட்ரோல் வரும் பாதையில் உள்ள ஃபில்டரும் மாற வேண்டும் என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. அதை விட்டுவிட்டு இன்ஜெக்டரை மட்டும் கழுவினால் சில மாதத்தில் இதே மேசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

முதலில் நுனிப்பக்கமிருந்து குறைந்த அழுத்தத்தில் திரவத்தைப் பின்னோக்கி ஓடவிட்டேன், பல்ஸ் கொடுத்துக்கொண்டே. பிறகு 45 டிகிரிச் சூட்டில் அல்ட்ராசானிக் தொட்டி, பத்து நிமிடம். நுனி மட்டும்தான் திரவத்தில், கப்ளர் பக்கம் வெளியே. இங்கும் பல்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊசி திறந்து மூடினால்தான் அதிர்வு ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவே போய்ச் சேரும். மூடிய இன்ஜெக்டரைத் தொட்டியில் போட்டு எடுப்பது வெளித்தோலைக் கழுவுவது மட்டுமே. மறுபடி ஒரு பின்னோட்டம், உலர்ந்த காற்று. துளையில் ஊசியோ கம்பியோ நுழைக்கவே கூடாது. அந்தத் துளையின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தெளிப்பு நன்றாக உடையும்.

புதுக் கூடைகளை அழுத்தி மாட்டி மறுபடி அளந்தேன். முழுத் திறப்பில் 46, 46, 45.5, 46. பல்ஸ் சோதனையில் 24.5, 25, 24, 24.5. அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 4%. ஒரு ரெயிலில் நான்கும் 5 சதவீதத்துக்குள் நின்றால் எனக்குப் போதும். மூன்றாவதிலும் இப்போது இரண்டு கூம்புகள்.

திரும்ப மாட்டியது

மேல் ஓ-ரிங் பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்குவது, கீழ் ஓ-ரிங் மேனிஃபோல்டின் வேக்குவத்தைத் தாங்குவது. சில இன்ஜெக்டர்களில் இரண்டும் வேறு அளவு, மாற்றிப் போட இடம் தராதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விட்டான் வகை ஓ-ரிங் வாங்குவது நல்லது. மாட்டும்போது சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவினால் வழுக்கி உட்காரும். சிலிகான் கிரீஸ் வேண்டாம், அது எரிந்து ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

இன்ஜெக்டரைச் சுற்றியபடியே அழுத்தினால் ஓ-ரிங் மடியாமல் இறங்கும். ரெயில் உட்கார்ந்தபின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் இலேசாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் சரி. இறுகி நின்றால் உள்ளே ஓ-ரிங் நசுங்கியிருக்கிறது, வெளியே எடுத்து வேறு போட வேண்டும். போல்ட்டை அதன் பிறகுதான் கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்க வேண்டும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை ஆன் செய்து பம்ப் ஓடி நிற்கவிட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படிச் சில தடவை அழுத்தம் ஏற்றி, டார்ச்சோடு ஒவ்வொரு ஓ-ரிங்கையும் பார்த்தேன். விரலால் தடவி மோந்தும் பார்க்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

பிழைக் கோடு பி0303-ஐயும் பழைய டிரிம் நினைவையும் அழித்துவிட்டு ஓட்டியதில், ஐட்லிங்கில் லாங் டேர்ம் +1, 2500-ல் +2. கிளாம்ப்பில் நான்கு பள்ளமும் ஒரே இடத்தில் விழுகின்றன. மூன்றாவது சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை, குளிர் ஸ்டார்ட்டிலும் பூஜ்யம்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதைச் செய்திருக்காதா என்று கேட்பவர்களுக்கு: பி.ஈ.ஏ. என்ற பாலிஈதர் அமீன் உள்ள மருந்து லேசான வார்னிஷைக் கரைக்கும் என்பது உண்மை. படிவு தொடங்கும்போது ஊற்றினால் பலன் உண்டு, எப்போதாவது ஒரு டேங்குக்கு நானும் ஊற்றுவேன். ஆனால் கூடையில் சிக்கிய துருவை அது கரைக்காது, இறுகிய ஓ-ரிங்கை இளக்காது, கெட்ட இக்னிஷன் காயிலைத் திருத்தாது. ஊற்றும் முன் டிரிமை எழுதிவைத்து, டேங்க் தீர்ந்தபின் மறுபடி எழுதிப் பார்த்தால் பலன் இருந்ததா என்று உங்களுக்கே தெரியும்.

இதில் எழுதிய எதையும் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் ஜி.டி.ஐ. எஞ்சினிலோ காமன் ரெயில் டீசலிலோ முயல வேண்டாம். ஜி.டி.ஐ. ரெயிலில் 200 பாரும் அதற்கு மேலும், டீசலில் 2000 பாருக்கு மேலும்கூட அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தில் கசியும் மயிரிழை டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளிபோலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

மிச்சம் இருப்பது நான்காவது இன்ஜெக்டர். கிளீனிங்குக்குப் பிறகும் அதன் நுனி ஒரு நிமிடத்தில் ஈரமாகிறது, சொட்டு விழுவதில்லை. மாட்டியபின் இருபது நிமிடத்தில் அழுத்தம் 3-லிருந்து 2.7 பாருக்கு இறங்கியது, முன்பைவிட 0.1 பார் மேல். அடுத்த பிளக் மாற்றத்தின்போது நான்காவது பிளக்கின் நிறத்தையும் இந்த எண்ணையும் மறுபடி பார்ப்பேன். 2.5-க்குக் கீழே போனாலோ சூட்டில் ஸ்டார்ட்டிங் இழுத்தாலோ அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதாக உத்தேசம்.